ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பட்டம்

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இளநிலைப் பட்டம் வேண்டும் என்பது இந்தியாவில் இன்று பொதுக் கருத்தாகிவிட்டது. 2030ஆம் ஆண்டுக்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டமே பள்ளி ஆசிரியருக்குரிய குறைந்தபட்சத் தகுதியாகும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை அறிவித்துவிட்டது. பட்டம் வேண்டுமா என்ற கேள்வி இத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டாலும், எந்தப் பட்டம், அதற்குள் என்ன இருக்க வேண்டும், அதை எப்படிச் சோதிப்பது என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. விவாதம் ஆண்டுக் கணக்கிலேயே சுற்றிச்சுற்றி வருகிறது. இரண்டாண்டு போதாது, நான்காண்டு வேண்டும் என்கிறோம். ஆண்டுக் கணக்கு தகுதிக்கான சான்றாகுமா என்பதிலிருந்தே மதிப்பீடு தொடங்க வேண்டும்.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் ‘இருநூற்று மூன்று’ என்று எழுதச் சொன்னால் 2003 என்று எழுதுவது வகுப்பறையில் அடிக்கடி காண்பது. சிவப்பு மையில் அடித்துவிட்டு 203 என்று எழுதிக் காட்டுவது எவருக்கும் இயலும். அந்தப் பிழைக்குள் ஒரு தருக்கம் இருப்பதைக் காண்பதுதான் அரிது. குழந்தை கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறது. முதலில் 200, அதன் பக்கத்தில் 3. எண்ணின் பெயர் கூட்டல் முறையில் ஒலிக்கிறது, எண்ணுரு இடமதிப்பில் இயங்குகிறது, இரண்டுக்கும் இடையில் குழந்தை தானே ஒரு விதியை வகுத்துக்கொண்டிருக்கிறது. அந்த விதியைக் கண்டறிந்து, பத்துக் குச்சிக் கட்டுகளையும் நூறுக் கட்டுகளையும் வைத்துக் குழந்தையே அதைத் திருத்திக்கொள்ளும்படி செய்பவர்தான் தகுதியான தொடக்கப் பள்ளி ஆசிரியர். கணிதத்தில் முதுநிலை முடித்தவருக்கு இந்த அறிவு இயல்பாக வந்துவிடாது. குழந்தை உளவியலை மட்டும் படித்தவருக்கும் வராது. பாடப்பொருளும் குழந்தையின் சிந்தனையும் சந்திக்கும் இடத்தில் உருவாகும் தனி அறிவு அது. கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மன் 1980களின் நடுவில் அதைத் தனியே வரையறுத்துக் காட்டியபின், ஆசிரியர் கல்வியை மதிப்பிடும் எவரும் அதைத் தவிர்த்துப் பேச முடியாது. ஒரு பட்டம் இந்த அறிவை உருவாக்குகிறதா என்பதே இங்கு அளவுகோல்.

பட்டத்தின்மேல் முழு நம்பிக்கை வைப்பவர்கள் லிபிங் மா 1999இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 23 பேரையும் சீன ஆசிரியர்கள் 72 பேரையும் அவர் ஒப்பிட்டார். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும் கணக்கைத் தொடங்கிய 21 அமெரிக்க ஆசிரியர்களில் 9 பேரே சரியான விடைக்கு வந்தனர். சீன ஆசிரியர் 72 பேரும் சரியாகச் செய்தனர். அந்த வகுத்தலுக்குப் பொருந்தும் ஒரு கதைக் கணக்கை உருவாக்கச் சொன்னபோது இடைவெளி மேலும் விரிந்தது. அமெரிக்கர்கள் பட்டதாரிகள். சீனர்களில் பெரும்பாலோர் ஒன்பதாண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே. நம் சொல்லில் சொன்னால், பட்டயத்துக்கும் குறைந்த தகுதி.

இந்த ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. இரு குழுக்களும் தம் நாட்டின் ஆசிரியர்களைப் புள்ளியியல் முறையில் பிரதிநிதிப்படுத்துபவை அல்ல. சீனாவில் தொடக்க வகுப்பிலேயே கணிதத்துக்குத் தனி ஆசிரியர் இருப்பது பரவலான வழக்கம். அமெரிக்க ஆசிரியரோ எல்லாப் பாடங்களையும் சுமப்பவர். ஆயினும் ஒரு முடிவை மறுக்க முடியாது. தொடக்க நிலைக் கணிதம் எளியதல்ல; பட்டம் பெற்றவருக்கு அது தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வது ஆதாரமற்றது. சீன ஆசிரியர்கள் தம் அறிவைப் பெருமளவு பணியில் இருந்தபடியே, பாடநூலைச் சக ஆசிரியர்களோடு வரிவரியாக ஆராய்ந்து வளர்த்துக்கொண்டனர் என்பதும் நூலின் முக்கியமான பகுதி. பட்டத்தை எதிர்ப்பவர்களுக்கு இதில் ஆயுதம் இல்லை. பட்டத்துக்குள் எது இருக்க வேண்டும் என்பதற்கான வரையறைதான் இருக்கிறது.

இந்தியச் சட்டகத்துக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டு 23 அன்று வெளியிட்ட அறிவிக்கைதான் அடிப்படை. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு, மேல்நிலைக் கல்வியில் 50 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம், அல்லது நான்காண்டுத் தொடக்கக் கல்விப் பட்டமான பி.எல்.எட்.; எதுவாயினும் அதன்மேல் ஆசிரியர் தகுதித் தேர்வு. பயிற்சி பெறாத எவரும் குழந்தைகள் முன் நிற்கலாகாது என்ற எல்லைக்கோட்டை நாடு முழுமைக்கும் ஒன்றாக இழுத்தது இந்த அறிவிக்கையின் சாதனை. இரண்டாண்டுப் படிப்பையும் நான்காண்டுப் படிப்பையும் ஒரே பதவிக்கு, ஒரே ஊதியத்துக்குச் சமமாக வைத்தது அதன் குறை. நான்காண்டு படிப்பவர் கூடுதலாக எதைக் கற்கிறார், அந்தக் கூடுதல் தேவைதானா என்ற கேள்வியை அறிவிக்கை எழுப்பவே இல்லை. ஆகையால் பட்டம் ஒரு மாற்று வழியாக நின்றதே தவிர, தரத்தின் அளவாக நிற்கவில்லை.

2018 ஜூன் 28 அறிவிக்கை நிலைமையை மோசமாக்கியது. உயர்நிலை வகுப்புகளுக்கென வடிவமைக்கப்பட்ட பி.எட். படித்தவர்களும் ஒன்றாம் வகுப்புக்கு ஆசிரியராகலாம், பணியேற்ற இரண்டாண்டுகளுக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்றது அது. இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2021இல் அதை நீக்கியது. 2023 ஆகஸ்டு 11 அன்று தேவேஷ் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தொடக்கக் கல்வி அரசமைப்பின் 21அ பிரிவில் அடிப்படை உரிமை, அந்த உரிமைக்குள் தரமும் அடங்கும், பி.எட். படிப்பு சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்க ஆயத்தப்படுத்துவதில்லை என்பது தீர்ப்பின் சாரம். வேலைவாய்ப்பு இழந்த லட்சக்கணக்கான பி.எட். பட்டதாரிகளின் துயரம் உண்மையானது. அவர்களைத் தவறாக வழிநடத்தியது 2018 அறிவிக்கையே. ஆனால் கல்வியியல் நோக்கில் தீர்ப்பில் பிழை காண முடியவில்லை. ‘உயர்ந்த’ தகுதி, ‘பொருந்தும்’ தகுதிக்கு ஈடாகாது என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. அதே கொள்கையால் புதிய நான்காண்டுப் பட்டத்தையும் அளக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அதற்கு முன், ஒப்பிடுவதற்கு நம்மிடம் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1994இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மௌலானா ஆசாத் தொடக்க மற்றும் சமூகக் கல்வி மையம் உருவாக்கிய பி.எல்.எட். படிப்பு அதிதி மகாவித்யாலயாவில் தொடங்கி, எட்டு மகளிர் கல்லூரிகளுக்கு விரிந்தது. இந்திய ஆசிரியர் கல்வி வரலாற்றில் கட்டமைப்பு ஒருமைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அதன் முதல் துணிவு, முதலாண்டிலேயே பள்ளிக் கணிதத்தையும் அறிவியலையும் சமூக அறிவியலையும் மறுபடி கற்கச் செய்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவிக்குப் பின்னம் தெரியும் என்று அது எடுத்துக்கொள்ளவில்லை. பின்னத்தைப் பிரித்து, ஏன் அப்படி என்று கேட்டு, மறுபடி கட்டச் சொன்னது. லிபிங் மாவின் நூல் வெளிவருவதற்கு ஐந்தாண்டு முன்பே அந்தப் புரிதல் இந்தப் பாடத்திட்டத்தில் இருந்தது. இரண்டாம் ஆண்டில் குழந்தைகளை உற்றுநோக்கல் தனிச் செய்முறைப் பாடமாகவும், மொழி பயிலல் ஒரு தாளாகவும் அமைந்து, ஒன்றையொன்று தாங்கி நின்றன. குழந்தையிடம் கேட்டதை மாலையில் கோட்பாட்டோடு பொருத்திப் பார்க்க இந்த அமைப்பு வழி செய்தது. மூன்றாம் ஆண்டில் தருக்க–கணிதக் கல்வியும் சூழ்நிலையியல் கற்பித்தலும் வந்தன. நான்காம் ஆண்டில் நீண்ட பள்ளி உள்ளகப் பயிற்சியும், அதன் அருகிலேயே பாலினமும் பள்ளிக் கல்வியும் பற்றிய தாளும் இருந்தன. நாடகம், கைவினை, கதை சொல்லல், தன்னையறிதல் பட்டறைகள் ஆகியவற்றை அலங்காரமாக ஒட்டவைக்காமல் மதிப்பெண்ணுள்ள பகுதிகளாக வைத்தது. உள்ளகப் பயிற்சிக்கு முன்பே மூன்றாண்டுகளாகப் பள்ளியோடும் குழந்தைகளோடும் பழகிய மாணவி, வகுப்பறையில் நுழையும்போது அந்நியராக நுழைவதில்லை. குழந்தை, பாடப்பொருள், சமூகம் என்ற மூன்று இழைகளையும் நான்காண்டும் அறுபடாமல் முறுக்கிச் சென்றதே இதன் வெற்றி.

குறைகளும் சிறியவை அல்ல. மகளிர் கல்லூரிகளில் மட்டும் நடந்ததால், தொடக்கக் கல்வி பெண்களின் வேலை என்ற பழைய பிரிவினையை, பாலினம் பற்றிய தாள் வைத்த படிப்பே நிறுவன அளவில் தொடர்ந்தது. இது அதன் உள்முரண். ஆண்டுக்குச் சில நூறு பேரை மட்டுமே உருவாக்கியது. முப்பது ஆண்டுகளில் தில்லிக்கு வெளியே பெரிதாக வேரூன்றவில்லை. ஒரு துறையில் ஆழம் தேடியவருக்கு விருப்பப் பாடத் தாள்கள் போதவில்லை. முதுநிலையில் சேரும்போது அந்தக் குறை கதவடைப்பாக வந்தது. மொழியியல், கணிதம், உளவியல், நாடகம் என்று பல துறை ஆசிரியர்களைச் சிறு மாணவர் குழுவுக்கு அமர்த்தும் செலவை ஏற்க மாநிலங்கள் முன்வரவில்லை. இவற்றில் பெரும்பாலானவை பரவலின் குறைகள். வடிவமைப்பின் குறைகள் என்று சொல்லத்தக்கவை விருப்பப் பாடத்தின் மெலிவும் பாலின வரம்பும்தான், இரண்டும் திருத்தக்கூடியவை.

இப்போது, 2020 கொள்கை அறிவித்த நான்காண்டுப் பட்டத்தைத் தரும் ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம். 2021இல் விதிமுறைகள் வந்தன. 2023–24இல் முன்னோட்டமாகத் தொடங்கியது. பி.ஏ.பி.எட்., பி.எஸ்சி.பி.எட்., பி.காம்.பி.எட். என இரட்டைப் பட்டம், எட்டுப் பருவங்கள், தேசிய நுழைவுத் தேர்வு வழியே சேர்க்கை. அடிப்படை, ஆயத்தம், நடுநிலை, இடைநிலை என்ற நான்கு பள்ளிக் கட்டங்களுக்கும் தனித்தனிச் சிறப்புப் பயிற்சி.

நிறைகளை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். ஆசிரியர் கல்வியைத் தனித்து நிற்கும் கல்லூரிகளிலிருந்து பல்துறை நிறுவனங்களுக்குக் கொண்டுவந்தது சரியான முடிவு. நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் சுட்டிய சீரழிவு, கற்பிக்காமலே சான்றிதழ் விற்ற தனியார் நிறுவனங்களின் பெருக்கம், வேறு எவ்வகையிலும் தீர்ந்திருக்காது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவாகக் கதவைத் திறந்தது. துறைப் பட்டம் சேர்ந்திருப்பதால் முதுநிலைக் கதவும் மூடுவதில்லை. பி.எல்.எட். தீர்க்காமல் விட்ட இரண்டு சிக்கல்களை இது நேரடியாகத் தீர்க்கிறது. தொடக்க வகுப்பு ஆசிரியரையும் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியரையும் ஒரே கல்வித் தரத்தில் வைக்கும் நோக்கமும் மதிப்பிற்குரியது.

குறை இதன் கட்டமைப்பின் நடுவிலேயே இருக்கிறது. முதலில் வெளிவந்த, இடைநிலைக் கட்டத்துக்கான பாடத்திட்டச் சட்டகத்தில் மொத்தம் 160 மதிப்பலகுகள். அவற்றில் துறைப் பாடங்களுக்கு 64. கட்டத்துக்குரிய பாடப்பொருளும் கற்பித்தலியலும் சேர்ந்த பகுதிக்கு 16. பள்ளி அனுபவத்துக்கு 20. உயர்நிலை வகுப்பில் இயற்பியல் கற்பிக்கப் போகிறவருக்கு இந்த விகிதத்தை ஓரளவு நியாயப்படுத்தலாம். ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவருக்கு நியாயப்படுத்தவே முடியாது. அடிப்படைக் கட்டத்துக்கும் ஆயத்தக் கட்டத்துக்கும் உரிய சிறப்புப் பயிற்சி, உயர்நிலை ஆசிரியரை மனத்தில் வைத்துக் கட்டிய வீட்டில் பின்னர் சேர்த்த அறையாகவே நிற்கிறது. நான் அளவுகோலாக வைத்த அந்த அறிவு, பாடப்பொருளும் குழந்தையின் சிந்தனையும் சந்திக்கும் இடம், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இடத்தில் ஒடுங்குகிறது. துறைப் பாடத்தில் பட்டம் பெற்ற மாணவர் வகைநுண்கணிதம் கற்றிருப்பார். இடமதிப்பைப் பள்ளியில் கற்றபடியே விட்டிருப்பார்.

துறை ஆழம் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு துறையின் சிந்தனை முறையை உள்ளிருந்து அறிந்தவர், குழந்தையின் கேள்வியில் இருக்கும் கூர்மையை அடையாளம் காண்பார். ஆனால் அந்த ஆழத்தைப் பள்ளிப் பாடப்பொருளோடு இணைக்கும் தாள்கள் வேண்டும். பி.எல்.எட்.டில் இணைப்பு இருந்தது, ஆழம் குறைந்தது. ஒருங்கிணைந்த திட்டத்தில் ஆழம் இருக்கிறது, இணைப்பு மெலிந்தது. பெயரில் உள்ள ஒருங்கிணைப்பு இரு பட்டங்களை அடுத்தடுத்து வைப்பதோடு நின்றுவிடுகிறது.

இந்நிலையில் 2023இல் தில்லிப் பல்கலைக்கழகக் கல்விப் பேரவை, பி.எல்.எட்.டின் இடத்தில் ஒருங்கிணைந்த திட்டத்தைக் கொண்டுவர ஒப்புதல் அளித்தது. உறுப்பினர் சிலர் எதிர்த்தனர். அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. முப்பதாண்டு அனுபவமுள்ள படிப்பை அடித்தளமாக வைத்து அடிப்படை, ஆயத்தக் கட்டங்களின் பாடத்திட்டத்தை எழுதியிருக்க வேண்டும். ஒரு துறை தன் சிறந்த வரைவைக் கைவிட்டுவிட்டு வெற்றுத் தாளில் தொடங்குவது எந்த அறிவுத் துறையிலும் ஏற்கத்தக்கதல்ல.

பட்டயப் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாண்டில் பல பாடங்களையும் உளவியலையும் பயிற்சியையும் திணிக்கும் அதன் பாடத்திட்டம் எதிலும் ஆழம் காண விடுவதில்லை. பாடக்குறிப்பு எழுதுவதிலும் துணைக்கருவி செய்வதிலும் நேரம் கரைகிறது. ஆயினும் கிராமத்து ஏழைக் குடும்பத்திலிருந்து மேல்நிலை முடித்து வரும் பெண், பக்கத்து ஊரிலேயே குறைந்த செலவில் படித்து ஆசிரியராகும் வழியை நெடுங்காலம் திறந்து வைத்திருந்தது அதுதான். 1986 கல்விக் கொள்கைக்குப் பின் உருவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் குழந்தைகளின் வீட்டு மொழி பேசும் ஆசிரியர்களை அந்தந்த மாவட்டத்திலேயே உருவாக்கின. தேசிய நுழைவுத் தேர்வும் தொலைதூரப் பல்துறை வளாகமும் அந்தப் பெண்ணை வெளியே நிறுத்தினால், பட்டம் தரத்தை உயர்த்தியது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எல்லா வழிகளின் முடிவிலும் நிற்பது தகுதித் தேர்வு. முதல் தாளில் 150 கேள்விகள், 150 மதிப்பெண்; குழந்தை வளர்ச்சி, இரு மொழிகள், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகளுக்கும் முப்பது முப்பது. அனைத்தும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தேர்ச்சிக்குப் பொதுவாக 60 விழுக்காடு. நியமனத்தில் பரிந்துரையும் பணமும் நுழையும் இடத்தைச் சுருக்கியது அதன் நன்மை. பயிற்சி நிறுவனச் சான்றிதழை அப்படியே நம்பாமல் வெளியிலிருந்து ஒரு சோதனை வைத்ததும் நன்மை. 2003 என்று எழுதிய குழந்தையிடம் என்ன கேட்பீர்கள் என்பதை நான்கு விடைகளில் அடக்க முடியாது என்பது அதன் வரம்பு. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தேர்வு நேரத்தை ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணியாக்கி அக்டோபரில் மறுதேர்வு நடத்தினார்கள். ஒரு கருவி எதை அளக்கிறது என்று அதை வடிவமைத்தவர்களுக்கே தெளிவில்லாதபோதுதான் இப்படி நேரும். பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாண்டுக்குள் இதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவியின் மேல் இவ்வளவு எடை ஏறிவிட்ட பிறகு, கருவியைச் செம்மைப்படுத்துவதைத் தள்ளிப்போட இடமில்லை.

ஊதியத்தைத் தொடாமல் தகுதியைப் பேசுவது பாதி மதிப்பீடு. தமிழ்நாட்டில் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்குக் கற்பிப்பவர் இடைநிலை ஆசிரியர், அதற்கு மேல் பட்டதாரி ஆசிரியர். குழந்தை சிறியதாக இருந்தால் ஆசிரியர் ஊதியமும் சிறியது என்பதே இந்த அடுக்கின் பொருள். 2009 ஜூன் 1க்குப் பின் பணியேற்ற இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். தகுதியை நான்காண்டுப் பட்டமாக உயர்த்திவிட்டு ஊதிய அடுக்கை அப்படியே விட்டால், அந்தப் பட்டத்தைப் பெறுபவர்களில் திறன் மிக்கவர்கள் உயர் வகுப்புகளுக்கே செல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

என் தீர்ப்பு இது. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பட்டம் வேண்டும். தொடக்க நிலைப் பாடப்பொருள் பட்டப் படிப்பின் உழைப்பைக் கோரும் அளவுக்குச் சிக்கலானது என்பதே அதற்கான ஒரே வலுவான காரணம். ஒருங்கிணைந்த திட்டம் நோக்கத்தில் சரி, நிறுவன அமைப்பில் முன்னேற்றம், பாடத்திட்டத்தின் மையத்தில் பிழை. இப்போதைய வடிவில் அது ஒன்றாம் வகுப்புக்கான ஒரே வழியாக இருக்கத் தகுதி பெறவில்லை. அடிப்படை, ஆயத்தக் கட்டங்களுக்கு 64, 16 என்ற விகிதத்தைத் தலைகீழாக்க வேண்டியதில்லை. துறைப் பாடத்தில் பாதியைப் பள்ளிப் பாடப்பொருளின் ஆழ்ந்த மறுவாசிப்பாக மாற்றி, பி.எல்.எட்.டின் முதலாண்டுத் தாள்களையும் இரண்டாமாண்டு உற்றுநோக்கலையும் அதில் அமர்த்தினாலே திட்டம் வேறு தரத்துக்கு உயரும். மாவட்டப் பயிற்சி நிறுவனங்களை மூடாமல், அருகிலுள்ள அரசு கலைக் கல்லூரிகளோடு இணைத்து அங்கேயே இந்தப் பட்டத்தை நடத்த வேண்டும். துறைத் தாள்களைக் கல்லூரியும் கற்பித்தலியலையும் பள்ளி அனுபவத்தையும் மாவட்ட நிறுவனமும் ஏற்கலாம்; இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை, விதிமுறையில் ஒரு திருத்தம் போதும். தகுதித் தேர்வின் முதல் தாளோடு, குழந்தைகளின் உண்மையான எழுத்துப் படிகளைக் கொடுத்துப் பிழையின் காரணத்தை எழுதச் சொல்லும் விரிவான விடைப் பகுதி ஒன்றையும் சேர்க்க வேண்டும். அதைத் திருத்த ஆகும் காலமும் செலவும் கூடும். வாழ்நாள் முழுதும் செல்லுபடியாகும் சான்றிதழுக்கு அந்தச் செலவு அதிகமில்லை.